பிளஸ் தனித்தனி, மைனஸ் ஒன்று: எல்இடி ஸ்ட்ரிப்புக்குப் பல பவர் சப்ளை கொடுக்கும் முறை

எல்இடி ஸ்ட்ரிப் (சிறு எல்இடி விளக்குகளை வரிசையாகப் பதித்த பட்டை) நீளமாகப் போனால் ஒரு பவர் சப்ளை (வீட்டு மின்சாரத்தை ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) போதாது, இன்னொன்று சேர்க்க வேண்டும். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். "எல்லா பிளஸ்ஸையும் சேர்த்துக் கட்டு, எல்லா மைனஸையும் சேர்த்துக் கட்டு, முடிந்தது" என்பார் ஒருவர். "எதையும் எதோடும் சேர்க்காதே, புகைந்துவிடும்" என்பார் இன்னொருவர். "பன்னிரண்டு வோல்ட்தானே, எப்படிக் கட்டினால் என்ன" என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. அதிலும் மூன்றாமவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால் அதைத்தான் நிறையப் பேர் நம்புகிறார்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

ஷாக் வேறு, தீ வேறு

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் தள்ளும். மின்சாரத்தில் அந்த உயரத்துக்குப் பெயர் வோல்ட். குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதுதான் ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது அந்த மின்சாரம் நொடிக்கு நொடி செய்யும் வேலை.

12 வோல்ட் என்பது தாழ்வான தொட்டி. காய்ந்த தோலைத் தாண்டி உடம்புக்குள் ஆபத்தான அளவு மின்சாரத்தைத் தள்ள அதற்கு வலுவில்லை. ஆகவே ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் தீ பிடிப்பதற்குத் தொட்டி உயரமாக இருக்க வேண்டியதில்லை. கார் பேட்டரியும் 12 வோல்ட்தான். அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் பொறி பறக்கும், இரும்பு பழுக்கக் காயும்.

சூடு ஏறுவது ஆம்பியரால். அதுவும் நேர்விகிதத்தில் ஏறாது: ஆம்பியர் இரு மடங்கானால் அதே ஒயரில் சூடு நான்கு மடங்காகும். ஒரு கணக்கு பாருங்கள். சரியாக முறுக்காத ஓர் இணைப்பில் கால் ஓம் தடை இருக்கிறது, அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடாக வெளியேறும். தடை என்பது மின்சாரம் ஓடுவதற்கு ஒரு பொருள் கொடுக்கும் எதிர்ப்பு. அதன் அளவு ஓம். ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடும். ஆக, லூஸாக ஓர் இணைப்பை விட்டுவிட்டு மேலே பிளாஸ்டிக் மூடி போட்டால், சால்டரிங் அயர்னை ஆன் செய்து சுவருக்குள் வைத்துவிட்டுப் போனதுக்குச் சமம்.

இதற்கு நேர் எதிரான பயமும் ஒன்று உண்டு. "என் ஸ்ட்ரிப் 6 ஆம்பியர்தான் எடுக்கும், 30 ஆம்பியர் சப்ளை போட்டால் கருகிவிடாதா?" கருகாது. தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். வோல்ட் பொருந்த வேண்டும். ஆம்பியர் தாராளமாக இருக்கலாம். பெரிய சப்ளையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஃபியூஸ் பகுதியில் அதற்கு வருகிறேன்.

கடைசி மீட்டர் ஏன் மங்குகிறது

தோட்டத்தில் ஒரு நீண்ட டியூப், அதில் வரிசையாகத் துளைகள். குழாய்ப் பக்கத்தில் இருக்கும் செடிக்குப் பீய்ச்சி அடிக்கும்; கடைசிச் செடிக்குச் சொட்டும். ஸ்ட்ரிப்பும் அப்படித்தான். அதற்குள் ஓடும் தாமிரத் தகடு மிக மெல்லியது. வழி நெடுகத் தடை, வழி நெடுக எல்இடிகள் உறிஞ்சுகின்றன. தூரம் போகப் போக வோல்ட் குறையும். இதைத்தான் வோல்டேஜ் டிராப் என்கிறோம்.

ஸ்ட்ரிப்புக்கு வரும் ஒயரிலேயே இது தொடங்கிவிடுகிறது. மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் சாதாரண 12 வோல்ட் ஸ்ட்ரிப், 5 மீட்டர் என்றால் 72 வாட், அதாவது 6 ஆம்பியர். சப்ளை 5 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஒயர் 1 ஸ்கொயர், அதாவது உள்ளே இருக்கும் தாமிரத்தின் குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர். போக 5, வர 5 என்று மின்சாரம் நடக்கும் தூரம் 10 மீட்டர். அந்த ஒயரின் தடை கிட்டத்தட்ட 0.175 ஓம். 6 ஆம்பியரால் பெருக்கினால், 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விட்டது.

"12-ல் 1 போனால் என்ன, பன்னிரண்டில் ஒரு பங்குதானே" என்று தோன்றும். இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மும்மூன்று எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, கூடவே மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் இருக்கும். (மூன்று எல்இடிக்கு ஒருமுறைதான் கத்தரிக்கோல் குறி வருவது அதனால்தான்.) வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட், மூன்றுக்கு 9. மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழுகிறது. ஓடும் மின்சாரத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த 3 வோல்ட்தான். ஒரு வோல்ட் குறைந்தால் எல்இடிகள் தங்கள் 9-ஐ ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டருக்கு 3 போய் 2 ஆகும். ஆகவே மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற மங்கல் அது.

அதே வாட் 24 வோல்ட் ஸ்ட்ரிப்பில் பாதி ஆம்பியரில் வந்துவிடும், அதே ஒயரில் அரை வோல்ட்தான் போகும். நீளமான வேலைக்கு நிறம் மாறாத வெள்ளை வெளிச்சம் மட்டும் போதுமென்றால், சப்ளைகளை அடுக்குவதற்கு முன் 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்க முடியுமா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஒவ்வொரு எல்இடியும் தனித்தனியாக நிறம் மாறும் 5 வோல்ட் ஸ்ட்ரிப்தான் அதிகம் படுத்தும். ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். மீட்டருக்கு 60 எல்இடி என்றால் 3.6 ஆம்பியர், 5 மீட்டருக்கு 18 ஆம்பியர். இருப்பதே 5 வோல்ட். நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 போதும். வோல்ட் குறையும்போது நீலமும் பச்சையும் முதலில் சோர்ந்துவிடும். தொடக்கத்தில் வெள்ளையாக இருப்பது கடைசியில் மஞ்சளாகி, ஆரஞ்சாகி நிற்கும். ஸ்ட்ரிப் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன்.

இதுவரை பார்த்தது: ஷாக் அடிக்காத மின்சாரமும் தீ வைக்கும். தூரமும் ஆம்பியரும் சேர்ந்து வோல்ட்டைத் தின்கின்றன. மங்கலும் நிறமாற்றமும் அதன் அடையாளம்.

ஒரே சப்ளை, பல வாசல்

இதற்கு முதல் மருந்து இன்னொரு சப்ளை அல்ல, இன்னொரு ஒயர். சப்ளையிலிருந்து தனியாக ஒரு தடித்த ஒயர் ஜோடியை இழுத்து ஸ்ட்ரிப்பின் நடுவிலோ மறுமுனையிலோ சேர்ப்பது. இதைப் பவர் இன்ஜெக்‌ஷன் என்கிறார்கள். தோட்ட டியூபுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் விடுவது மாதிரி.

இங்கே பிளஸ்ஸும் பிளஸ்ஸும், மைனஸும் மைனஸும் சேரலாம், தவறே இல்லை. எல்லாம் ஒரே தொட்டியிலிருந்து வரும் தண்ணீர். "எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டு" என்ற அறிவுரை இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு சப்ளைக்குச் சரியான அந்த வாக்கியம் இரண்டு சப்ளைக்கு வந்ததும் தவறாகிவிடுகிறது.

இரண்டாவது சப்ளை வந்ததும் என்ன மாறுகிறது

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொட்டிகள், அடியில் குழாயால் இணைத்திருக்கிறோம். ஒன்றின் நீர்மட்டம் கொஞ்சம் உயரம். குழாயைத் திறந்தால் உயரமானதிலிருந்து தாழ்ந்ததற்குத் தண்ணீர் பாய்ந்து, இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பவர் சப்ளைகள் அப்படிச் சமாதானமாகாது.

பவர் சப்ளை என்பது தன் வெளியீட்டை அளந்துகொண்டே இருக்கும் கருவி. "12-க்குக் குறைகிறதா? கொஞ்சம் அதிகம் கொடு. மிஞ்சுகிறதா? குறை." இதுதான் அதன் முழு வேலை. இரண்டு சப்ளைகள் அச்சடித்தது போல ஒரே 12 வோல்ட்டில் நிற்காது. ஒன்று 12.08, மற்றது 11.95 என்று இருக்கும். இரண்டின் பிளஸ்ஸையும் நேரடியாக இணைத்தால், 12.08 காரர் சுமை முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்வார். 11.95 காரர் அளந்து பார்த்து, "வேண்டிய வோல்ட்டுக்கு மேலேயே இருக்கிறதே, நான் எதற்கு" என்று ஒதுங்கிவிடுவார். ஒரே நுகத்தில் இரண்டு மாடு பூட்டி, ஒன்று மட்டும் இழுப்பது போல.

இழுக்கிற மாடு தன் சக்திக்கு மேல் இழுத்துச் சூடாகும், அல்லது பாதுகாப்புக்காக அணைந்துவிடும். அணைந்ததும் மொத்தச் சுமையும் மற்றதன் மேல் விழும். அதுவும் அணையும். விளக்கு விட்டு விட்டு மின்னும். இன்னொரு சங்கடம்: ஒன்று ஓடிக்கொண்டிருக்க, மற்றது நின்றுவிட்டால், ஓடுவதன் மின்சாரம் நின்றதன் வெளியீட்டுக்குள் பின்வழியாக நுழையும். அதைத் தாங்கும்படி எல்லாச் சப்ளைகளையும் செய்வதில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ளவே வடிவமைத்த தொழிற்சாலைச் சப்ளைகள் உண்டு. அப்படி என்று அதன் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் ஒழிய, நம் கையில் இருப்பது அந்த வகையல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் இரண்டு முனையிலும் இரண்டு சப்ளை போட்டு, பிளஸ்ஸை வெட்டாமலே இரண்டு வருஷமாக ஓட்டுகிறேனே" என்று யாராவது சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் ஸ்ட்ரிப்பின் தடை அந்த இரண்டு சப்ளைகளையும் ஓரளவு பிரித்து வைக்கிறது; ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிற எல்இடிகளை அவரவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு சப்ளை படுத்துவிட்ட அன்று, அதன் பங்கு முழுவதும் மெல்லிய தாமிரத் தகட்டின் வழியாக எதிர்முனையிலிருந்து வர வேண்டும். இரண்டு வருஷம் ஓடியது அந்த நாள் வராததால்.

ஆகவே விதி இது: ஸ்ட்ரிப்பைப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சப்ளை. பகுதியும் பகுதியும் சந்திக்கும் இடத்தில் பிளஸ்ஸை வெட்டிவிடுங்கள்.

இது ஸ்ட்ரிப்புக்கு மட்டுமில்லை. எந்த எல்இடி என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்று கட்டளையிடும் கண்ட்ரோலரைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் செருகிக்கொண்டே, ஸ்ட்ரிப்பின் 5 வோல்ட்டையும் அதே கண்ட்ரோலரில் கொடுப்பவர்கள் பலர். யுஎஸ்பியும் ஒரு பவர் சப்ளைதான், அங்கேயும் இதே விதிதான்.

அப்படியானால் மைனஸை ஏன் சேர்க்க வேண்டும்

எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் பாதுகாப்புதானே என்று தோன்றும். வெறும் வெள்ளை ஸ்ட்ரிப் என்றால் முழுதாகப் பிரித்தே விடலாம், நன்றாக எரியும். நிறம் மாறும் டிஜிட்டல் ஸ்ட்ரிப்பில் மூன்றாவதாக ஒரு கம்பி ஓடுகிறது: டேட்டா. கண்ட்ரோலர் முதல் எல்இடிக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, இப்படிக் காதோடு காதாகப் போகும் செய்தி. அந்தச் செய்தி வோல்ட்டின் ஏற்ற இறக்கம்: ஒவ்வொரு முறையும் அதிக நேரம் உயர்ந்து நின்றால் 1, கொஞ்ச நேரமே நின்று தாழ்ந்தால் 0.

உயர்வு தாழ்வு என்றால் எதிலிருந்து? ஆளுக்கொரு படியில் நின்றுகொண்டு இருவர் ஒரு பந்தின் உயரத்தைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது நெஞ்சளவு, இன்னொருவருக்கு முழங்காலளவு. இருவரும் ஒரே தரையில் நின்றால்தான் பேச்சு ஒத்துப்போகும். மின்சாரத்தில் அந்தத் தரை மைனஸ். இதைத்தான் காமன் கிரவுண்ட் என்கிறார்கள். மைனஸ் சேராவிட்டால் இரண்டாவது பகுதி கண்டபடி மினுக்கும், இல்லையென்றால் இருட்டாகக் கிடக்கும்.

மைனஸ்களைச் சேர்த்தால் சப்ளைகள் முட்டிக்கொள்ளாதா? முட்டாது. மின்சாரம் ஒரு வட்டம். இரண்டாவது சப்ளையின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பியது அதே சப்ளையின் மைனஸுக்குத்தான் திரும்பியாக வேண்டும். பிளஸ் பிரிந்திருக்கும்வரை யாரும் யாருடைய சுமையையும் தூக்க முடியாது.

ஆனால் அது திரும்பிவரத் தகுந்த வழி வேண்டும். ஒவ்வொரு சப்ளையிலிருந்தும் அதன் பகுதிக்குப் பிளஸ் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமனான மைனஸ் ஒயர் போக வேண்டும். "மைனஸ்தான் ஸ்ட்ரிப் வழியாகவே சேர்ந்திருக்கிறதே" என்று அதை விட்டுவிட்டால், 18 ஆம்பியரும் பக்கத்துப் பகுதியின் மெல்லிய தகட்டில் ஏறி ஊர் சுற்றிப் போகும்.

சுருக்கமாக, பிளஸ்ஸைச் சேர்த்தால் சப்ளைகள் மோதும், மைனஸைச் சேர்க்காவிட்டால் டேட்டா குழம்பும். பிளஸ் தனித்தனி, மைனஸ் ஒன்று.

ஃபியூஸ்: யாரைக் காப்பாற்ற

"என் சப்ளையில் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறது, ஃபியூஸ் எதற்கு?" நியாயமான கேள்வி. 30 ஆம்பியர் சப்ளை, 30-ஐத் தாண்டினால் அணைந்துவிடும். ஸ்ட்ரிப்பின் கடைசி முனையில் பிளஸ்ஸும் மைனஸும் உரசுகின்றன. வழியில் இருக்கும் தடையால் 12 ஆம்பியர்தான் ஓடுகிறது. சப்ளையைப் பொறுத்தவரை 12 என்பது சாதாரணச் சுமை, விளக்கு எரிகிறது என்று நினைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் 3 ஆம்பியருக்கான தகடும் கனெக்டரும் உருகிக்கொண்டிருக்கும். பெரிய சப்ளையின் ஆபத்து என்று முன்னால் சொன்னது இதுதான்.

ஃபியூஸ் என்பது ஒயர் சூடாவதற்கு முன் தான் உருகி வழியை அறுக்கும் மெல்லிய கம்பி. அது காப்பாற்றுவது ஒயரை. ஆகவே அதன் அளவு, அங்கே வழக்கமாக ஓடுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், அந்த ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஸ்ட்ரிப்புக்குப் போகும் ஒவ்வொரு பிளஸ் ஒயருக்கும் ஒன்று, சப்ளைக்கு அருகிலேயே. கார்களில் வரும் பிளேடு ஃபியூஸ் இதற்குப் பொருத்தம்.

மைனஸில் ஃபியூஸ் போடவே கூடாது. மைனஸ் ஃபியூஸ் அறுந்தால் பிளஸ்ஸில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். திரும்பிப் போக வழி தேடி அது பக்கத்துப் பகுதியின் தகட்டிலும் டேட்டா கம்பியிலும் நுழையும்.

ஒரு பத்து மீட்டர் கணக்கு

மீட்டருக்கு 60 எல்இடி, 5 வோல்ட் டிஜிட்டல் ஸ்ட்ரிப், 10 மீட்டர். மொத்தம் 600 எல்இடி, உச்சத்தில் 36 ஆம்பியர். சப்ளையின் மேல் எழுதியிருக்கும் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்ல பழக்கம். ஆகவே 5 வோல்ட் 30 ஆம்பியர் சப்ளை இரண்டு. ஒவ்வொன்றும் 5 மீட்டரைப் பார்த்துக்கொள்ளும், தலைக்கு 18 ஆம்பியர்.

ஒவ்வொரு 5 மீட்டருக்கும் மூன்று வாசல்: தொடக்கம், நடு, முடிவு. நடுவாசல் இரண்டு பக்கமும் கொடுப்பதால் அதில் சுமார் 9 ஆம்பியர், முனைகளில் 4.5 வீதம். எல்லாவற்றுக்கும் 2.5 ஸ்கொயர் ஒயர். நடுவுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், முனைகளுக்கு 7.5. சப்ளைகள் 2 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் நடு ஒயரில் கால் வோல்ட்தான் போகும். அதற்கு மேல் தள்ளி வைத்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். ஸ்ட்ரிப் பெரும்பாலும் 5 மீட்டர் சுருளாகவே வருவதால் எதையும் வெட்டக்கூட வேண்டாம்: இரண்டு சுருளும் சந்திக்கும் இடத்தில் டேட்டாவையும் மைனஸையும் மட்டும் பற்றவைத்து, பிளஸ்ஸை விட்டுவிடுங்கள். அழுத்திப் பூட்டும் கிளிப் கனெக்டர் சோதித்துப் பார்க்கச் சரி, 9 ஆம்பியருக்குச் சரியில்லை.

சுவர்ப் பக்கம்

இத்தனை நேரம் பேசியது ஷாக் அடிக்காத பக்கம். சப்ளையின் மறுபக்கத்தில் வீட்டு மின்சாரம், அது ஆளைக் கொல்லும். உலோகப் பெட்டி சப்ளைகளில் இரண்டு பக்கத்து ஸ்க்ரூக்களும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கும். எர்த் ஸ்க்ரூவில் எர்த் ஒயர் கட்டாயம் போக வேண்டும். மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. சில பெட்டிகளின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சிறிய சுவிட்ச் ஒளிந்திருக்கும். 115-இல் வைத்து 230 கொடுத்தால் ஒரே சத்தம், அதோடு முடிந்தது. வீட்டு மின்சாரத்தில் கை பழகாதவர்கள் இந்த ஒரு பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சப்ளைகள் எல்லாம் ஒரே சுவிட்சில் ஒன்றாக ஆன் ஆகட்டும். ஒரு பகுதியில் மின்சாரம் இல்லாமல் டேட்டா மட்டும் வந்தால், அந்த எல்இடிகள் டேட்டா கம்பி வழியாகவே மின்சாரம் குடிக்கப் பார்க்கும், சில சமயம் முதல் எல்இடி அதிலேயே போய்விடும். அதனால் கண்ட்ரோலர் கடைசியில் எழுவது நல்லது.

ஆன் செய்த பிறகு

மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்பை இணைப்பதற்கு முன்பே இரண்டு சப்ளைகளின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்து, பிளஸ் மைனஸ் மாறவில்லை என்று பார்த்துவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் இணைத்து, மின்சாரம் இல்லாமலே, இரண்டு பகுதிகளின் மைனஸ்களுக்கு இடையே தடையைப் பாருங்கள்: சுழிக்கு அருகில் இருக்க வேண்டும். பிளஸ்களுக்கு இடையே சுழி காட்டினால் எங்கோ வெட்ட மறந்திருக்கிறீர்கள்.

சரி, இப்போது ஆன் செய்து முழு வெள்ளையில் விடுங்கள். வாசல்களுக்கு நடுவில், ஆக தூரமான எல்இடியில் வோல்ட்டை அளங்கள். 4.5-க்குக் கீழே போனால் இன்னொரு வாசல் வேண்டும். அரை மணி நேரம் அப்படியே எரியட்டும். அப்புறம் சுவரில் அணைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் ஃபியூஸ் ஹோல்டரையும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். விரலை எடுக்கத் தோன்றும் அளவுக்கு எது சுடுகிறதோ, அதைப் பிரித்து மறுபடி பற்றவையுங்கள்.